கதிரவன் வரைந்த படமும் ஆக்கவுரிமை வழக்கும்

இலண்டன் மாநகரிலே கில்ட்ஹோல் என்னும் பழைய நகர மண்டபத்தில், 1854ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் திகதி, ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. அது கொலை வழக்கன்று, காணி வழக்குமன்று. மாசிக்காயிலிருந்து பெறப்படும் ஓர் அமிலமும், அவ்வமிலத்தைச் சூடாக்கிப் பெறப்படும் இன்னோர் அமிலமும் ஒரே வேலையைச் செய்யும் ஒரே பொருள்தானா, அன்றி வெவ்வேறு பொருள்களா என்பதே அங்கு முதன்மையாக எழுந்த வினா. இரசாயனம் தம் தொழிலல்லாத யூரிமார் மூன்று நாட்கள் அமர்ந்து அந்தப் பாடத்தைக் கேட்டனர். பேர்பெற்ற இரசாயன அறிஞர்கள் சாட்சிக் கூண்டிலேறி ஒருவரையொருவர் மறுத்துரைத்தனர்.

கேட்பதற்கு விந்தையாகத் தோன்றினும், சிறிய காரியம் அன்று அது. யூரிமார் "ஒன்றே" என்று விடை கூறியிருப்பின், இங்கிலாந்திலே மனிதர் முகத்தைப் படம்பிடித்துப் பிழைத்த அத்தனை பேரும் ஒரே மனிதருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டியிருந்திருக்கும். அந்த மனிதர் வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்பொட். அவர் எதிர்த்து வழக்காடியது, ஒக்ஸ்போர்ட் வீதியில் படப்பிடிப்பு நிலையம் நடத்திய மார்ட்டின் லறோச் என்பவரை. அன்று அந்த மண்டபத்தில் வழக்காளியாகவோ எதிராளியாகவோ நில்லாத மூன்றாம் மனிதர் ஒருவரும் இருந்தார். வழக்கின் உயிர்நாடியே அவருடைய கண்டுபிடிப்புத்தான். அவர் பெயர் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர். இந்தக் கதையில் என் மனம் அதிகமாக நிற்பது அவரிடத்திலேதான். ஆயினும் டால்பொட்டிலிருந்தே தொடங்குதல் முறை.

டால்பொட் 1800ஆம் ஆண்டிற் பிறந்தவர். வில்ட்ஷயர் மாகாணத்து லேகொக் என்னுமிடத்தில் பழைய கன்னியர் மடமாயிருந்த பெரிய மாளிகைக்கு உரியவர். கணிதமும் மொழியாராய்ச்சியும் கைவந்தவர். கைவராதது சித்திரம் ஒன்றே. 1833ஆம் ஆண்டு ஒக்டோபரில், இத்தாலி நாட்டுக் கோமோ ஏரிக்கரையிலே, கண்ணாடிப் பட்டகத்தின் துணைகொண்டு இயற்கைக் காட்சியைத் தாளில் வரைய முயன்றார். பட்டகத்தினூடே பார்க்கும்போது தாளின்மேல் ஏரியும் மலையும் கிடப்பதுபோற் தோன்றின. பட்டகத்தை அகற்றியதும் எஞ்சியவை சில கோணற் கோடுகளே. அந்தத் தோல்வியினின்றே, கண்ணாடி காட்டும் உருவம் தாளில் தானே பதிந்து நின்றுவிடலாகாதா என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது.

ஊர் திரும்பியவர் உப்புநீரிலே தாளை நனைத்துலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார். வெயில் பட்ட இடம் கறுத்தது. நிழல் பட்ட இடம் வெளுப்பாகவே நின்றது. 1835ஆம் ஆண்டு ஓகஸ்டில், சிறிய மரப்பெட்டி ஒன்றைக் கமராவாக வைத்துத் தம் மாளிகைச் சாளரம் ஒன்றைப் படமாக்கினார். முத்திரை அளவினதான அந்தப் படத்திலே சாளரக் கண்ணாடிச் சில்லுகளை உருப்பெருக்கியால் எண்ணிவிடலாம்; ஏறக்குறைய இருநூறு என்று அவரே குறித்து வைத்தார். ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் மாறித் தோன்றிய படம் அது. நாம் இன்று நெகற்றிவ் என்று கூறும் பொருளில் இன்றளவும் எஞ்சியுள்ள மிகப் பழைய கமராப் படம் அதுவே.

இத்தனையும் செய்தவர், அதனை மேசை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேறு ஆராய்ச்சிகளில் இறங்கிவிட்டார். அறிஞர்களிடம் இந்தக் குறை உண்டு. 1839ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி, பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திலே அராகோ என்னும் அறிஞர் எழுந்து, லூயி டாகேர் என்பவர் கமராவின் உருவத்தை வெள்ளித் தகட்டிலே நிலைநிறுத்திவிட்டார் என்று அறிவித்தபோதுதான் டால்பொட் திடுக்கிட்டெழுந்தார். மூன்றே வாரங்களில் தம் பழைய படங்களைத் தேடியெடுத்து இலண்டன் றோயல் இன்ஸ்டிரியூஷனிலே காட்சிக்கு வைத்தார். மாத முடிவில் றோயல் சொசைட்டியிலே தம் கட்டுரையை வாசிப்பித்தார். தம் முறையை அவர் அப்போது உலகுக்கு இலவசமாகவே வெளியிட்டார் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் அவரைப் பேராசைக்காரர் என்று தூற்றியவர்கள் பலரும் இதனை மறந்துவிட்டார்கள்.

பிரெஞ்சு அரசாங்கம் செய்தது வேறு. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடன் கூட்டாக உழைத்து மாண்டுபோன நியெப்ஸ் என்பவரின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஆயுட்கால உதவிப்பணமாக அளித்து, அம்முறையின் இரகசியத்தை விலைக்கு வாங்கி, 1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆந் திகதி அதனை உலகனைத்துக்கும் கொடையாக வெளியிட்டது. பெருந்தன்மையான செயலே. ஆயினும் அந்தக் கொடையில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. அதற்கு ஐந்து நாட்களின் முன்னர், டாகேரின் முகவர் ஒருவர் இங்கிலாந்திலே அதே முறைக்கு ஆக்கவுரிமை பெற்றுவிட்டார். உலகெல்லாம் இலவசம், இங்கிலாந்துக்கு மட்டும் விலை! இலண்டனிலே அந்த உரிமையை வாங்கி முதற் படப்பிடிப்பு நிலையத்தை 1841ஆம் ஆண்டிலே திறந்த றிச்சார்ட் பியர்ட் என்பவர், தம் உரிமையைக் காப்பதற்கென்றே வழக்குமேல் வழக்காடி, பத்தாண்டு நிறையுமுன்னரே முறிந்து போனார்.

ஆக்கவுரிமை என்பது, 'பேற்றன்ற்' என்று வணிகர் வாயில் வழங்குவது, அடிப்படையில் ஓர் உடன்படிக்கை. கண்டுபிடித்தவன் தன் இரகசியத்தை ஒளியாது எழுதிப் பதிவுசெய்கிறான். அதற்குக் கைம்மாறாக அரசு சில ஆண்டுகள் அதனை அவனுக்கே தனியுரிமையாக்குகிறது. இங்கிலாந்திலே அக்காலம் 14 ஆண்டுகள். தொழில் பழகுவோன் ஒருவனின் ஏழாண்டுக் காலத்தை இருமடங்காக்கி வைத்த கணக்கு அது என்பர். கொள்கை நியாயமானதே; நடைமுறைதான் கொடியது. 1852ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வருமுன் ஒருவர் ஆக்கவுரிமை பெறவேண்டுமாயின் அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கவேண்டும். ஒவ்வொரு வாயிலிலும் கட்டணம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1850ஆம் ஆண்டிலே ஏழைத் தொழிலாளி ஒருவன் ஆக்கவுரிமை தேடியலைந்த கதையை எழுதினார். அதிலே அவன் கடக்கும் படிகள் முப்பத்தைந்து. முத்திரைக்கு மெழுகு உருக்குவதற்கென்றே ஓர் உத்தியோகத்தர். செலவு 96 பவுண் 7 சிலின் 8 பென்ஸ். கதை கற்பனையாயினும் அந்தப் படிகள் கற்பனையல்ல. அத்தனையும் இங்கிலாந்துக்கு மட்டுமே. ஸ்கொத்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் மறுபடியும் தனித்தனியே அழவேண்டும்.

டால்பொட் செல்வர், அந்தப் படிகளை ஏறக்கூடியவர். 1840ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அவர் கண்ட புதுமை ஏறத்தக்க காரணத்தையும் தந்தது. அதற்கு முன்னர், படம் கண்ணுக்குத் தெரியும்வரை தாளைக் கமராவினுள்ளே வெயில் காயவிட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரமுஞ் செல்லும். வெள்ளி அயடைட்டுப் பூசிய தாளுக்கு மாசிக்காயிலிருந்து பெற்ற கலிக் அமிலத்தையும் வெள்ளி நைத்திரேற்றையும் கலந்து தடவினால், ஓரிரு நிமிடம் ஒளி பட்டாற் போதும் என்பதை இப்போது கண்டார். கமராவிலிருந்து எடுக்கும்போது தாள் வெறுந்தாளாகவே இருக்கும். மறுபடியும் அந்தக் கலவையைத் தடவி இளஞ்சூடு காட்டினால், மறைந்திருந்த உருவம் மெல்ல மெல்ல வெளிப்படும். படம் ஒளியில் உண்டாகி இருளில் உறங்கிக் கிடந்து இரசாயனத்தால் எழுப்பப்படுகிறது என்னும் இந்த உண்மையே, பின்வந்த நூற்றைம்பது ஆண்டுக் காலப் படக்கலைக்கு அடித்தளமாயிற்று. ஒரு நெகற்றிவிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். டாகேரின் வெள்ளித் தகடோ ஒன்றே ஒன்றுதான்.

இதற்குக் கலோடைப்பு என்று பெயரிட்டு, 1841ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி டால்பொட் ஆக்கவுரிமை பெற்றார். முன்னர் இலவசமாக வழங்கியதற்குத் தம் நாட்டரசு எந்த உதவிப்பணமும் தராததைக் கண்டவர், டாகேர் இங்கிலாந்திலேயே உரிமை கோரிப் பணம் பெறுவதையும் கண்டவர், இரண்டாம் முறையும் சும்மா கொடுக்கவில்லை. அதற்காக அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

விளைவைத்தான் பார்க்கவேண்டும். ஸ்கொத்லாந்திலே அவர் உரிமை பெறாது விட்டார். அங்கே எடின்பரோ நகரில் டேவிட் ஒக்ரேவியஸ் ஹில் என்னும் ஓவியரும், றொபேட் அடம்சன் என்னும் இளைஞரும் 1843ஆம் ஆண்டிலே கூடி, கலோடைப்பு முறையிற் படம் எடுக்கத் தொடங்கினர். திருச்சபைக் குருமாரையும், நியூஹேவன் கரையிலே வலை உலர்த்தும் மீனவரையும், கூடை சுமக்கும் மீனவப் பெண்களையும் அவர்கள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கானவை. அடம்சன் 1848ஆம் ஆண்டிலே இறக்கும்வரை நான்கரை ஆண்டுகளில் அவ்விருவரும் செய்ததைப் போன்றதொரு பணி, அம்முறை பிறந்த இங்கிலாந்திலே நடைபெறவில்லை. எல்லைக்கோட்டிற்கு வடக்கே சுதந்திரம். தெற்கே உரிமப் பணம். அமெரிக்காவிலும் 1847ஆம் ஆண்டிலே டால்பொட் ஆக்கவுரிமை பெற்றார். பிலதெல்பியாவைச் சேர்ந்த லாங்கன்ஹைம் சகோதரர் அதனை அவரிடமிருந்து விலைக்கு வாங்கினர். உரிமம் கேட்டு வருவார் இல்லை. அவர்களுக்கு நட்டமே மிஞ்சியது.

இனி ஆர்ச்சரிடம் வருவோம். ஹெட்போர்ட் மாகாணத்து இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மகன். இலண்டனிலே வெள்ளி வணிகர் ஒருவரிடம் தொழில் பழகி, பின்னர் சிற்பியானவர். தம்மிடம் உருவம் செய்விக்க வருவோரை எத்தனை நேரம் அசையாது இருத்தி வைப்பது? முகத்தைக் கலோடைப்பிலே படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் ஆறுதலாகச் செதுக்கலாமே என்று எண்ணியே படக்கலையில் இறங்கினார். தாளின் நார் படத்திலே தெரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியிலே பதித்தால் நார் இராது. ஆனால் இரசாயனம் கண்ணாடியில் ஒட்ட வேண்டுமே!

அக்காலத்தில் வைத்தியர்கள் காயத்தின்மேல் பூசும் புதுப் பொருளொன்று வந்திருந்தது. வெடிபஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த பிசுபிசுப்பான திரவம் அது. கொலோடியன் என்று பெயர். பூசியவுடன் காய்ந்து தோல்போற் படிந்துவிடும். ஆர்ச்சர் அதனுடன் பொற்றாசியம் அயடைட்டைக் கலந்து, கண்ணாடித் தகட்டின் நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சரித்து, எஞ்சியதைப் போத்தலிலே வடித்தார். ஓரளவு இறுகியதும் தகட்டை இருட்டிலே வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தினார். ஈரம் சொட்டச் சொட்டக் கமராவில் வைத்து, சில வினாடிகள் ஒளியைக் காட்டி, உடனே இருட்டுக்குக் கொண்டு சென்று பைரோகலிக் அமிலத்தை ஊற்றினார். உருவம் எழுந்தது. தாள்முறையின் மலிவும், வெள்ளித் தகட்டின் நுட்பமும் ஒன்றாய்ச் சேர்ந்த படம்! ஈரம் உலருமுன் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது ஒன்றே தொல்லை. வெளியூர் செல்லும் படப்பிடிப்பாளர் இருட்டறையையும் கூடவே காவிச்செல்ல வேண்டியதாயிற்று. 1855ஆம் ஆண்டிலே றோஜர் பென்ரன் கிரைமியாப் போர்க்களத்துக்கு, முன்னர் வைன் வணிகரிடம் இருந்த வண்டியொன்றை இருட்டறையாக்கிக் குதிரை பூட்டிச் சென்றார்.

இம்முறை முழுவதையும் 1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே 'கெமிஸ்ட்' என்னும் சஞ்சிகையில் ஆர்ச்சர் எழுதி வெளியிட்டார். ஆக்கவுரிமை கோரவில்லை. மேற்கூறிய முப்பத்தைந்து படிகளும் அவ்வளவு பவுணும் அவரைத் தடுத்தனவா, அன்றித் தாராள மனமா என்று பிற்காலத்தார் வாதிப்பதுண்டு. அவர் உரிமையை வெறுத்தவர் அல்லர் என்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. கட்டணம் குறைந்த பின்னர், 1855ஆம் ஆண்டிலே, படம் பதிந்த கொலோடியன் தோலைக் கண்ணாடியினின்று உரித்தெடுக்கும் முறைக்கு அவர் ஆக்கவுரிமை கேட்டார். அந்த உரிமை அவருக்குப் பயன் தரவில்லை. ஆனால் கண்ணாடியை விட்டுப் படத்தோலை உரிக்கலாம் என்னும் எண்ணம் பின்னால் எங்கே சென்று முடிந்தது என்பதைச் சற்றே பொறுத்துக் காண்போம்.

நமது நாட்டுக்கும் இந்த ஈரக்கண்ணாடிக்கும் ஓர் உறவு உண்டு. கோல்புறூக் - கமறன் ஆணைக்குழுவைப் பற்றிப் பள்ளியிற் படித்த நேயர்கள் கமறன் என்ற பெயரை அறிவர். அவருடைய மனைவி ஜூலியா மார்கிரற் கமறன், ஆர்ச்சர் தந்த முறையினாலேயே தெனிசன், டார்வின் முதலியோரின் முகங்களைப் படமாக்கிப் புகழ்பெற்ற அம்மையார். 1875ஆம் ஆண்டிலே கணவருடன் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் இந்நாட்டு மக்களைக் கண்ணாடித் தகட்டிலே பதித்தார். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த நாட்டில் கொலோடியனைக் கட்டியாளுவது எளிதன்று. அம்மையார் 1879ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

ஆர்ச்சரின் முறை பரவியதும், கலோடைப்பு வழக்கொழியத் தொடங்கியது. டால்பொட்டோ, பைரோகலிக் அமிலம் கலிக் அமிலத்தின் பிள்ளைதான். மறைந்த உருவை எழுப்பும் தத்துவம் எனதே. ஆதலால் கொலோடியன் முறையும் என் உரிமைக்குள் அடக்கம் என்று கூறினார். முகப்படம் எடுத்துப் பிழைப்போரிடம் ஆண்டுக்கு நூறு பவுணும் அதற்கு மேலும் கேட்டார். றோயல் சொசைட்டித் தலைவர் றொஸ் பிரபுவும், றோயல் அக்கடமித் தலைவர் சேர் சார்ள்ஸ் ஈஸ்ற்லேக்கும் 1852ஆம் ஆண்டிலே அவருக்கு எழுதி, கலை வளர இடந்தருமாறு வேண்டினர். அவர் இணங்கினார், தம் உரிமைகளை எல்லாம் நாட்டுக்கு விட்டுக்கொடுத்தார், ஒன்றைத் தவிர. கூலிக்கு முகப்படம் எடுக்கும் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டார். அப்போது பணம் வரக்கூடிய தொழிலும் அது ஒன்றே. கணவான்கள் பொழுதுபோக்குக்குப் படமெடுக்கலாம். உழைத்துண்போன் மட்டும் இறுக்கவேண்டும் என்றாகியது. அவர் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டாவது இந்த இடத்திலேதான்.

லறோச் பணம் கட்ட மறுத்தார். தொழிலாளர் கூடி அவர் பின்னே நின்றனர். வழக்கிலே இன்னொரு வேடிக்கையும் வெளிவந்தது. ரீட் என்னும் பாதிரியார் சாட்சியமளிக்கையில், டால்பொட்டுக்கு முன்னரே தாம் மாசிக்காய்ச் சாற்றைப் பயன்படுத்தியதாகக் கூறினார். மனைவியின் தோற்கையுறையிலே வெள்ளி உப்பைப் பூசிப் பார்க்க, தாளைவிட அது விரைவாகக் கறுத்ததாம். அடுத்த கையுறையைக் கொடுக்க மனைவி மறுத்ததால், தோல் பதனிடும் மாசிக்காய்ச் சாற்றையே தாளுக்கு ஊட்டினாராம். யூரிமார் இதனைக் கேட்டும், பொதுமக்களுக்கு முதலில் வெளியிட்டவர் என்ற கருத்திலே டால்பொட்டே கலோடைப்பின் உண்மையான முதற் கண்டுபிடிப்பாளர் என்று தீர்ப்பளித்தனர். அதே மூச்சிலே, லறோச் அவ்வுரிமையை மீறவில்லை என்றும் தீர்ப்பளித்தனர். இரண்டு அமிலமும் வேறு வேறு. இரண்டு முறையும் வேறு வேறு.

பெருமை டால்பொட்டுக்கு, பணம் இல்லை. அவருடைய 14 ஆண்டுகள் அடுத்த பெப்ரவரியுடன் முடிவடைய இருந்தன. நீட்டிப்புக் கேட்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார். அதன் பின்னர் நிகழ்ந்ததைக் குடிசனக் கணக்கே கூறும். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே படப்பிடிப்பைத் தொழிலாகக் கூறியோர் 51 பேர். 1861ஆம் ஆண்டிலே 2,500 பேருக்கு மேல். வேலைக்காரியும் படைவீரனும் தம் முகத்தைத் தாய்க்கு அனுப்பக்கூடிய காலம் வந்தது.

அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு பேரும் ஆர்ச்சரின் முறையிலே உண்டார்கள். ஆர்ச்சர் உண்ணவில்லை. இங்கிலாந்திலே அவர் இலவசமாக வழங்கியதன் ஒரு வகையைக் கடலுக்கப்பால் பொஸ்டன் நகரத்துக் கட்டிங் என்பவர் 1854ஆம் ஆண்டிலே தம் பெயரில் ஆக்கவுரிமையாக்கிக் கொண்டார். இவர் முன்னர் தேன்கூட்டுப் பெட்டிக்கு ஆக்கவுரிமை பெற்றவர். ஆர்ச்சரோ 1857ஆம் ஆண்டு மே மாதத்திலே, நாற்பத்தைந்து வயதுக்குள்ளாகவே, வறியவராய் இறந்தார். மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாகப் படப்பிடிப்பாளர்களிடம் நிதி திரட்டினர். சேர்ந்தது ஏறக்குறைய 750 பவுண். மறு ஆண்டிலே மனைவியும் இறந்தார். அநாதைகளான பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 50 பவுண் வழங்கியது. நாட்டுக்குப் பெரும்பயன் தந்த கண்டுபிடிப்பினால் தந்தை சிறிதும் பயனடையவில்லை என்பதே அதற்குக் கூறிய காரணம். பிரெஞ்சு அரசு டாகேருக்கு உயிரோடிருக்கும்போது செய்ததை, ஆங்கில அரசு ஆர்ச்சருக்கு இறந்தபின் செய்தது. அதுவும் அதிற் சிறு பங்கே.

இரசாயன முறையொன்றுக்கு உரிமை பெறுவதிலுள்ள இடர்ப்பாட்டை இந்த வழக்கு வெட்டவெளிச்சமாக்கியது. இருட்டறைக்குள் ஒருவன் எந்தப் போத்தலைத் திறக்கிறான் என்பதை யார் காண்பார்? கண்டாலும், அமிலத்தை மாற்றிவிட்டுத் தப்பிக்கொள்வான். யந்திரம் அப்படியன்று. அது சந்தையிலே கிடக்கும்; உருளையும் பற்சக்கரமும் கண்ணுக்குத் தெரியும். அடுத்த தலைமுறையிலே இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்க நாட்டு றொச்செஸ்ரர் நகரத்து வங்கி எழுதுவினைஞர் ஜோர்ஜ் ஈஸ்மன்.

1871ஆம் ஆண்டிலே மடொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், ஈதரின் ஆவி தம் உடலுக்கு ஒவ்வாமையால், கொலோடியனுக்குப் பதிலாக ஜெலற்றினைப் பயன்படுத்தி, உலர்ந்த தகட்டிலேயே படமெடுக்கும் வழியைக் கண்டு வெளியிட்டார். அவரும் உரிமை கோரவில்லை. முதுமையிலே அவருக்கும் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. ஈரத்தகட்டையும் கூடாரத்தையும் காவிச் சலித்த ஈஸ்மன், இந்தப் புதுமுறையை ஆங்கிலச் சஞ்சிகைகளிலே படித்தார். இரசாயனம் இலவசமாகக் கிடக்கிறது. அதனைத் தகடு தகடாகக் கையாற் பூசுவதே தாமதம். ஆகவே, தகட்டுக்குத் தானே பூசும் யந்திரமொன்றைச் செய்து, 1879ஆம் ஆண்டிலே இலண்டனுக்குச் சென்று அதற்கே முதலில் ஆக்கவுரிமை பெற்றார். 1885ஆம் ஆண்டிலே வில்லியம் வோக்கர் என்பவருடன் சேர்ந்து, படத்தாளைச் சுருளாகச் சுற்றிவைக்கும் கருவிக்கு உரிமை பெற்றார். டக்கோட்டாப் பிரதேசத்துக் கமக்காரர் டேவிட் ஹூஸ்ரன் சுருட்கமராவுக்குப் பெற்றிருந்த உரிமையையும் விலைக்கு வாங்கினார். 1888ஆம் ஆண்டிலே, நூறு படம் எடுக்கும் சுருளுடன் 25 டொலருக்குக் கொடக் கமராவை விற்றார். உரிமை என்னும் வேலியைக் கண்டுபிடிப்பாளனின் வீட்டைச் சுற்றி அன்று, கம்பெனியின் தோட்டத்தைச் சுற்றி முதலில் அடைத்தவர்களுள் அவர் ஒருவர்.

அந்த வேலியிலும் ஒரு பொட்டு விழுந்தது. நியூ ஜேர்ஸி மாநிலத்து நியூவார்க் நகரிலே ஹனிபால் குட்வின் என்னும் பாதிரியார் இருந்தார். இளைஞருக்கு வேதாகமக் கதைகளை விளக்குப் படங்களாற் கற்பித்தவர் அவர். கனத்து உடையும் கண்ணாடிக்குப் பதிலாக வளையக்கூடிய ஒளிபுகு பொருள் ஒன்று வேண்டும் என்று வீட்டு மேல்மாடியிலே வருடக்கணக்காக முயன்றார். அவர் கண்டது, ஆர்ச்சர் ஊற்றிய வெடிபஞ்சுக் கரைசலின் உறவே: அதனைக் கண்ணாடியிலே மெல்லிதாக ஊற்றி, உலரவிட்டு, உரித்தெடுத்தால் வளையும் படச்சுருள் கிடைக்கும். 1887ஆம் ஆண்டு மே 2ஆந் திகதி ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது வயது 65. இரசாயன விளக்கம் போதாது, சொல் தெளிவில்லை என்று அலுவலகம் திருப்பித் திருப்பி அனுப்பியது. இடையிலே, 1889ஆம் ஆண்டு ஏப்ரிலிலே ஈஸ்மனின் இரசாயனர் றைக்கன்பாக் விண்ணப்பித்தார்; அந்த ஆண்டு டிசெம்பரிலேயே உரிமை கிடைத்தது. உலகெங்கும் படச்சுருள் விற்றது. அசையும் படமும் அதன்மேற் பிறந்தது. குட்வினுக்கு உரிமை கிடைத்தது 1898ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி. விண்ணப்பித்துப் பதினொரு ஆண்டுகளின் பின்.

அவர் 1900ஆம் ஆண்டிலே தொழிற்சாலை ஒன்று கட்டத் தொடங்கினார். வீதி விபத்தொன்றிற் காயமுற்று, அந்த ஆண்டின் கடைசி நாளிலே இறந்தார். உரிமையை வாங்கிய அன்சோனி - ஸ்கோவில் கம்பெனி 1902ஆம் ஆண்டிலே ஈஸ்மன் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. டால்பொட்டின் வழக்கு மூன்று நாள். இது பன்னிரண்டு ஆண்டு. தனி மனிதர் ஒருவராற் தாங்கக்கூடிய வழக்கன்று அது. 1913ஆம் ஆண்டிலே பபலோ நகர நீதிமன்றமும், 1914ஆம் ஆண்டு மார்ச்சிலே மேன்முறையீட்டு நீதிமன்றமும் முதற் கண்டுபிடிப்பாளர் குட்வினே என்று தீர்த்தன. ஈஸ்மன் கம்பெனி 50 இலட்சம் டொலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. கொடுத்தபின்னும் அதன் வாணிகம் குறையவில்லை. பாதிரியார் இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அவருடைய ஆக்கவுரிமையின் காலத்தில் எஞ்சியிருந்ததோ ஓராண்டும் சில மாதங்களுமே.